அதிகாரம் யாருக்காக?

அதிகாரம் என்னும் சொல்லைத் திருச்சபைக்குள் உச்சரிக்கவே பலர் தயங்குகின்றனர். தன்னை ஒரு சாதாரண ஊழியன் என்று சொல்லிக்கொள்வதே தாழ்மையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆயினும் அப்படிச் சொல்லிக்கொள்கிறவரே பணித்தளங்களுக்கு ஆட்களை நியமிக்கிறார், இடமாற்றம் செய்கிறார், உதவித்தொகையை நிர்ணயிக்கிறார், பிரசங்க மேடையில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று தீர்மானிக்கிறார். தொலைவிலுள்ள ஒரு மலைக்கிராமத்தில் மனைவி மக்களோடு ஊழியம் செய்கிற மிஷனெரி ஒருவரின் நாளைய வாழ்வு அவருடைய ஒரு கையெழுத்தில் தொங்குகிறது. அதற்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் அது அதிகாரமே. அதிகாரம் என்று ஒத்துக்கொள்ளப்படாத அதிகாரத்திடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதே அதிலுள்ள ஆபத்து.

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. பணிவிடைக்காரனாயிருக்க அழைக்கப்பட்டவன் கட்டளையிடுவது எப்படி? கட்டளையிட்டால் பணிவிடை போய்விடாதா? கட்டளையிடாமல் இருந்துவிட்டால் பொறுப்பு போய்விடாதா? கிறிஸ்தவத் தலைவர்கள் ஒவ்வொருவரும், பேராயராயினும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளராயினும், இக்கேள்விக்கு நாள்தோறும் தங்கள் நடத்தையால் விடை எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

ஓர் அதிகாரத்தில் இரண்டு கோபங்கள்

மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் இதற்கான விடையின் தொடக்கம் இருக்கிறது. செபெதேயுவின் குமாரர் இருவரும் ஆண்டவரிடம் வந்து, அவருடைய மகிமையில் வலதுபுறத்தையும் இடதுபுறத்தையும் தங்களுக்கெனக் கேட்டனர். இதைக் கேள்விப்பட்ட மற்றப் பத்துப் பேரும் எரிச்சலடைந்தனர். அந்தப் பத்துப் பேருக்கும் பதவி ஆசை இல்லாமலிருந்தால் அந்த எரிச்சலுக்கு இடமில்லை. முந்திக்கொண்டார்களே என்னும் கோபமே அது.

இயேசு அவர்களை அருகில் அழைத்து, புறஜாதியாரின் அதிபதிகள் ஆளுகிற விதம் ஒன்று, தம்முடைய சீடர்களுக்குரிய விதம் வேறொன்று என்று விளக்கினார். பெரியவனாவதற்கு வழியே இல்லையென்று அவர் கூறவில்லை. பணிவிடைக்காரனாவதே அதன் வழி என்றார். அதிகாரத்தையும் அவர் ஒழித்துவிடவில்லை. பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்பியபோது அசுத்த ஆவிகளின்மேல் அதிகாரம் கொடுத்தே அனுப்பினார் என்று இதே சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே கிறிஸ்தவத் தலைமை அதிகாரமில்லாத தலைமை அன்று. அது வேறு திசை நோக்கி நிற்கிற அதிகாரம்.

அந்தத் திசை எது என்பதை அதே பத்தாம் அதிகாரத்தின் முற்பகுதி காட்டுகிறது. சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டினர். அதைக் கண்டு ஆண்டவர் விசனமடைந்தார். இந்த இடத்தில் ஆண்டவருடைய கோபத்தைக் குறிக்க மாற்கு பயன்படுத்துகிற கிரேக்க வினைச்சொல்லும், பின்னர் பத்துச் சீடர்களின் எரிச்சலைக் குறிக்கப் பயன்படுத்துகிற வினைச்சொல்லும் ஒன்றே. சொல் ஒன்று, காரணங்கள் இரண்டு. குழந்தைகள் தள்ளப்பட்டபோது ஆண்டவர் கோபங்கொண்டார். தங்கள் இடம் பறிபோகிறதே என்றபோது சீடர்கள் கோபங்கொண்டனர். குழந்தைகளைத் தடுத்தபோது அவர்களுக்கு மனம் குத்தவில்லை. இருக்கையை இழந்தபோது குத்தியது.

ஒரு தலைவன் எதற்குக் கோபப்படுகிறான், எதைப் பொறுத்துக்கொள்கிறான் என்பதைக் கவனித்தால் அவனிடமுள்ள அதிகாரம் யாருக்காகப் பயன்படுகிறது என்பது விளங்கிவிடும். தன்னைக் குறித்த காரியத்தில் சாந்தமும், எளியவரைக் குறித்த காரியத்தில் உறுதியும் கொண்டிருப்பதே கிறிஸ்தவ அதிகாரத்தின் இலக்கணம். இவ்விரண்டும் இடம் மாறும்போது ஊழியம் உள்ளிருந்து அழுகத் தொடங்குகிறது.

ஏலியின் தராசு

அந்த இடமாற்றத்திற்கு வேதாகமம் தருகிற முதன்மையான சாட்சி ஆசாரியனாகிய ஏலி. அவர் கொடியவர் அல்லர். அவரிடம் பக்தி இருந்தது. சிறுவன் சாமுவேலைத் தகப்பனைப்போல் வளர்த்தவரும் அவரே. ஆனால் சாமுவேலின் முதலாம் புத்தகம் அவரை வாசகருக்கு அறிமுகப்படுத்துகிற காட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்துக்கொண்டிருந்தாள். வாசல் நிலையருகே ஆசனத்தில் அமர்ந்திருந்த ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணி, விசாரிக்காமலே கடிந்துகொண்டார். அவள் பணிவோடு தன் துயரத்தை விளக்கிய பின்னரே அவளை ஆசீர்வதித்து அனுப்பினார்.

அடுத்த அதிகாரத்தில் அவருடைய குமாரர் ஓப்னியும் பினெகாசும் வருகின்றனர். பலியிட வந்த ஜனங்களிடமிருந்து, கொழுப்பைத் தகனிக்கு முன்னரே இறைச்சியைப் பலவந்தமாகப் பறித்தனர். ஆசரிப்புக் கூடார வாசலில் பணிசெய்த பெண்களைக் கெடுத்தனர். ஊரார் அனைவரும் வந்து ஏலியிடம் முறையிட்டனர். ஏலி என்ன செய்தார்? புத்தி சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர்களை ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கவில்லை.

அழுகிற ஏழைப் பெண்ணிடம் உடனடிக் கண்டிப்பு. கொள்ளையிடுகிற குமாரரிடம் நீண்ட பொறுமை. இதுவே தலைகீழான தராசு. இதற்குக் காரணத்தையும் வேதம் மறைக்கவில்லை. தேவமனுஷன் ஒருவன் வந்து, ஏலி தேவனைவிடத் தன் குமாரரை மதித்தார் என்றும், ஜனங்களின் காணிக்கையில் சிறந்ததைக் கொண்டு அவரும் அவர் வீட்டாரும் தங்களைக் கொழுக்கப்பண்ணினர் என்றும் குற்றஞ்சாட்டினான். பறிக்கப்பட்ட இறைச்சி ஏலியின் பந்திக்கும் வந்து சேர்ந்தது. தவறினால் தானும் பயனடைகிற தலைவனுக்கு அத்தவறைத் தடுக்கக் கை எழுவதில்லை.

இந்தத் தராசு சீலோவோடு அழிந்துபோகவில்லை. தலைவரை விமரிசித்து ஒரு கடிதம் வந்தால் ஒரே வாரத்தில் விசாரணைக் குழு கூடுகிறது. பணித்தளத்திலுள்ள ஓர் இளம்பெண் ஊழியர் கண்ணீரோடு ஒரு புகாரைக் கொண்டுவந்தால், அதற்காக ஜெபிப்போம், பொறுமையாயிருங்கள் என்னும் பதில் கிடைக்கிறது. பொறுமை நற்குணமே. ஆனால் அடிபட்டவரிடம் பொறுமையைக் கேட்டுவிட்டு, அடித்தவரிடம் ஒன்றையும் கேட்காதிருப்பது நற்குணம் ஆகாது.

மோசேயின் சாந்தம்

இதற்கு நேரெதிர்ச் சித்திரம் மோசேயினுடையது. எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் சொந்தச் சகோதரியாகிய மிரியாமும் சகோதரனாகிய ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசினர். அவருடைய மனைவியைக் குறைகூறித் தொடங்கி, அவருடைய தலைமையையே கேள்விக்குள்ளாக்கினர். மோசே வாய் திறந்ததாக அங்கே எழுதப்படவில்லை. பூமியிலுள்ள சகல மனுஷரிலும் அவர் மிகுந்த சாந்தகுணமுள்ளவராயிருந்தார் என்னும் குறிப்பு இந்த இடத்தில்தான் வருகிறது. மிரியாம் குஷ்டரோகத்தால் வாதிக்கப்பட்டபோது அவர் வாய் திறந்தார். அவளைக் குணமாக்கும்படி மன்றாடவே திறந்தார்.

அதே மனிதர் பொன் கன்றுக்குட்டியின்முன் சாந்தமாய் நிற்கவில்லை. ஜனக்கூட்டத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்த ஆரோன், அதன்பின் பொறுப்பை ஜனங்கள்மேல் தள்ளி, பொன்னை அக்கினியில் போட்டதும் கன்றுக்குட்டி தானாக வெளிவந்ததுபோலப் பேசினார். மோசேயோ அந்த விக்கிரகத்தைப் பொடியாக்கினார்; பாளயத்தில் கடுமையாக நடந்துகொண்டார். மறுநாள் தேவனிடத்தில் ஏறிப்போய், ஜனத்தின் பாவத்தை மன்னிக்க வேண்டும், இல்லையேல் தம்முடைய பெயரை அவருடைய புஸ்தகத்திலிருந்து கிறுக்கிப்போட வேண்டும் என்று மன்றாடினார். கண்டிக்கிறவன் கண்டிக்கப்படுகிறவர்களோடு சேர்ந்து நிற்கத் துணிந்தான் என்பதே அந்தக் கண்டிப்புக்குத் தகுதியைக் கொடுத்தது.

இத்தகைய மோசேயும் ஒருமுறை தவறினார். மேரிபாவின் தண்ணீர் அருகே, ஜனங்களின் முறுமுறுப்பால் பொறுமையிழந்து, கன்மலையிலிருந்து தண்ணீரைப் புறப்படப்பண்ணுவது தாங்களே என்பதுபோலப் பேசி அதைக் கோலால் அடித்தார். தண்ணீர் வந்தது. ஜனங்களின் தாகமும் தீர்ந்தது. ஆனால் கானானுக்குள் பிரவேசிக்கும் பாக்கியத்தை அவர் இழந்தார். பலன் கிடைத்துவிட்டது என்பதால் அதிகாரம் சரியாகப் பயன்படுத்தப்பட்டது என்று ஆகிவிடாது. ஊழியம் வளர்கிறதே, சபைகள் பெருகுகின்றனவே என்று சொல்லித் தலைவரின் சினத்தையும் செருக்கையும் மூடிமறைக்கிறவர்கள் மேரிபாவை நினைவில் கொள்வது நல்லது.

கட்டளையும் வேண்டுகோளும்

அப்போஸ்தலனாகிய பவுல் இந்த இலக்கணத்தைத் தம் கடிதங்களில் செயல்படுத்திக் காட்டுகிறார். தமக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் இடித்துப்போடுவதற்கல்ல, கட்டுவதற்கே கொடுக்கப்பட்டது என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இரண்டு இடங்களில் நினைவூட்டுகிறார். சபையிடமிருந்து வாழ்க்கைச் செலவைப் பெற்றுக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்று விரிவாக நிரூபித்துவிட்டு, அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்று முடிக்கிறார். தாம் சிறையிலிருந்தபோது பொறாமையினாலும் போட்டியினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர்கள் உண்டு. அவர்களைக் குறித்து பிலிப்பியருக்கு எழுதும்போது, எப்படியாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று மகிழ்கிறார்.

ஆனால் கொரிந்து சபையின் இராப்போஜனப் பந்தியில் செல்வர்கள் முந்திக்கொண்டு உண்டு வெறித்திருக்க, ஏழைகள் பசியோடிருந்தனர் என்று கேள்விப்பட்டபோது அவருடைய பேனாவில் சாந்தம் இல்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறவர்களை அவர் புகழ மறுத்தார். சபைக் கூட்டத்திற்கு ஒழுங்கை விதித்தார்.

அடிமையாகிய ஒநேசிமுக்காக பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபம் இதில் இன்னும் நுட்பமானது. கட்டளையிடத் தமக்குத் துணிவு உண்டு என்று பவுல் முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஆயினும் அன்பினிமித்தம் மன்றாடுவதையே தெரிந்துகொள்கிறார். பிலேமோன் செய்கிற நன்மை கட்டாயத்தினால் அல்ல, மனப்பூர்வமாய் வரவேண்டும் என்பது அவர் விருப்பம். ஒநேசிமு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தாமே செலுத்துவதாகக் கைப்பட எழுதிக்கொடுக்கிறார். வேண்டுகோளின் விலையை வேண்டுகிறவரே ஏற்றுக்கொள்கிறார். பிறர் செலவில் தாராளமாயிருப்பது எந்தத் தலைவருக்கும் எளிது; பவுல் அந்த எளிய வழியில் செல்லவில்லை.

தோர்ணக்கல் காட்டும் பாடம்

இந்தியத் திருச்சபையின் வரலாற்றில் இதைச் சிந்திக்க ஏற்ற வாழ்க்கை ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்த வே. சா. அசரியா, இந்திய மிஷனெரி சங்கம் 1903-இலும், தேசிய மிஷனெரி சங்கம் 1905-இலும் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் முக்கியமானவர். இந்தியரின் ஆட்களால், இந்தியரின் பணத்தால், இந்தியரின் தலைமையில் நற்செய்திப்பணி நடக்கவேண்டும் என்பதே அந்த முயற்சிகளின் உயிர்நாடி.

1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் மிகச் சிலரே. அந்த அவையில் முப்பத்தைந்து வயதான அசரியா, அயல்நாட்டு மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே இருந்த உறவைப்பற்றிப் பேசினார். மிஷனெரிகளின் தியாகத்தை அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆனால் தியாகத்தோடு நட்பும் வேண்டும் என்றார். மேலிருந்து கொடுக்கிற கை போதாது, சமமாக அமர்கிற தோழமை வேண்டும் என்பதே அவர் உரையின் சாரம். அவையில் பலருக்கு அது கசந்தது. அவர் தமக்கென எதையும் கேட்கவில்லை. மேடையேற வாய்ப்பற்ற எண்ணற்ற இந்திய ஊழியர்களின் சார்பாகப் பேசினார்.

1912 டிசம்பரில் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. இந்தியர் ஒருவரின்கீழ் ஐரோப்பியர் பணிசெய்வதா என்னும் தயக்கம் ஒருபுறம். தம் சொந்த நாட்டாரிடமிருந்தே சாதி அடிப்படையில் எழுந்த எதிர்ப்பு மறுபுறம். அதிகாரத்தைப்பற்றிப் பிறருக்குச் சொன்ன பாடம் இப்போது அவருடைய கைக்கே வந்து சேர்ந்தது. பின்னாளில் அவருடைய மறைமாவட்டம் விரிந்தபோது அயல்நாட்டு மிஷனெரிகளும் அவருடைய கண்காணிப்பின்கீழ் வந்தனர்.

அவர் கண்டிப்பானவர். சபை ஒழுங்கில் தளர்வை விரும்பாதவர். ஆயினும் அந்தக் கண்டிப்பு எதை நோக்கியிருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. மாலா, மாதிகா எனப் பிரிந்திருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரே பந்தியில் அமரவேண்டும் என்பதிலும், குடிப்பழக்கம் குடும்பங்களை அழிக்கக்கூடாது என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமேல் தாமே கைவைத்து, தாம் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்றும் அறிக்கையிடும்படி அவர் கற்பித்தது புகழ்பெற்றது. பேராயரின் கை மட்டுமே தலைமேல் வரும் என்று எண்ணிய மக்களுக்கு, தங்கள் கைகளுக்கும் ஓர் அழைப்பு உண்டு என்பதை அவர் உணர்த்தினார். நிலமற்ற கூலித்தொழிலாளர்கள் சபை மூப்பர்களாகவும் சாட்சிகளாகவும் எழுந்தனர். கட்டுவதற்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் என்பதன் பொருள் இதுவே: அதன்கீழ் வந்தவர்கள் முன்பிருந்ததைவிட நிமிர்ந்து நிற்பார்கள்.

1945 ஜனவரி முதல் நாளில் அவர் மறைந்தார். அவர் நெடுங்காலம் உழைத்த திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. அதைக் காண அவர் இல்லை. நேபோ மலையின்மேல் நின்ற மோசேயைப்போல, தான் நுழையாத தேசத்திற்கு வழியமைப்பதும் தலைமையின் ஒரு பங்கே.

தலைவரிடம் மறுத்துப் பேச ஒருவர்

தன்னைக் குறித்துச் சாந்தமாயிருக்க ஒரு தலைவன் விரும்பினாலும், தன்னைத்தானே அளந்துகொள்ள அவனால் முடிவதில்லை. ஆகவே அவனுக்கு ஒரு நாத்தான் தேவை. தாவீதிடம் சென்று ஏழையின் ஆட்டுக்குட்டியைப்பற்றிக் கதை சொன்ன தீர்க்கதரிசி, அரசனின் கோபத்தை முதலில் எளியவன் சார்பாக எழுப்பி, பின்னர் அதை அரசன்மேலேயே திருப்பினான். அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து வந்தவர்களுக்கு அஞ்சிப் புறஜாதி விசுவாசிகளின் பந்தியிலிருந்து விலகியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்த்து நின்றார். பேதுருவின் பெயரைத் தாங்கிய இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே அழைக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்குநூலின் மூன்றாம் அதிகாரம், முக்கியமான காரியங்களில் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும் என்று விதிக்கிறது. சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அதற்கு அவர் கூறும் காரணம். முடிவு எடுக்கும் பொறுப்பு மடத்தலைவருடையதே. ஆனால் கேட்காமல் முடிவெடுக்க அவருக்கு அனுமதி இல்லை.

இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குச் சமீப கால வரலாறு வேதனையான சான்று தருகிறது. 1946-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, உலகெங்கும் அறிவார்ந்த நற்செய்தியாளராகப் போற்றப்பட்ட ரவி சக்கரியாஸ் மே 2020-இல் மறைந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய ஊழிய நிறுவனமே நியமித்த வழக்கறிஞர்களின் விசாரணை அறிக்கை பிப்ரவரி 2021-இல் வெளியாகி, அவர் பல ஆண்டுகள் பெண்களிடம் பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டதை உறுதிசெய்தது. 2017-இலேயே ஒரு பெண் அவர்மேல் புகார் கூறியிருந்தார். அப்போது நிறுவனம் தலைவரின் சொல்லை நம்பியது. அப்பெண்ணின்மீதும் அவர் கணவர்மீதும் சக்கரியாஸ் தொடுத்த வழக்கு, வெளியே பேசக்கூடாது என்னும் உடன்பாட்டில் முடிந்தது. அப்பெண்ணை நம்பாமற்போனது தவறு என்று நிர்வாகக்குழு 2021-இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. தலைவரின் நற்பெயருக்கு உடனடிப் பாதுகாப்பு. அழுகிற பெண்ணின்மேல் சந்தேகம். சீலோவின் வாசலில் ஏலி அமர்ந்திருந்த அதே ஆசனம் இது.

இந்தியாவில் ஊழிய நிறுவனங்களுக்கு இவ்விஷயத்தில் சட்டமும் கடமையை விதித்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிசெய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு அமைக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குழந்தைகளுக்கெதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதிருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். விடுதிகளும் பள்ளிகளும் நடத்துகிற அமைப்புகள் இவற்றைப் புறத்தாரின் தலையீடாகக் கருதத் தேவையில்லை. ஏலிக்கு ஊரார் கொண்டுவந்த முறையீட்டைக் கேட்பதற்கு ஒரு காது ஏற்படுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

ஊழியத்தின் பெயர் கெடாதா?

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழக்கூடும். தலைவர் தம்மைக் குறித்து எப்போதும் மவுனமாயிருந்தால், பொய்க் குற்றச்சாட்டுகள் பெருகி ஊழியமே சிதையாதா? பவுலும் தம்முடைய அப்போஸ்தல ஊழியத்தை வாதாடி நிலைநாட்டினாரே? உண்மைதான். கலாத்திய சபைகள் வேறொரு சுவிசேஷத்திற்கு இழுக்கப்பட்டபோது அவர் தம் அழைப்பை நிலைநாட்டினார். பொய்க்குப் பதில் சொல்லித் தெளிவுபடுத்துவது தவறன்று.

ஆனால் ஒவ்வொரு தலைவனும் தன் கோபத்திற்கு ஊழியத்தின் பெயரையே சூட்டுவான் என்பதும் உண்மை. தனக்காக அல்ல, கர்த்தருடைய நாமத்திற்காகவே என்று சொல்லாத பதவி மோகம் சபை வரலாற்றில் அரிது. ஆகவே தன்னைச் சோதித்துக்கொள்ள எளிய ஒரு வழி உண்டு. இதே அவமானம் நிறுவனத்தின் கடைசி ஊழியருக்கு, பெயர் தெரியாத ஒரு பணித்தள உதவியாளருக்கு நேர்ந்திருந்தால், இதே வேகத்தோடு எழுந்திருப்போமா என்று தலைவர் தம்மைத்தாமே கேட்கலாம். ஆம் என்றால் அது நீதியின் கோபமாயிருக்கலாம். இல்லை என்றால் அது இருக்கைக்கான கோபம்.

பணத்திலும் இதே சோதனை உண்டு. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்க்கப்பட்ட காணிக்கையைப் பவுல் தனியே சுமந்துசெல்லவில்லை. தீத்துவோடு சபைகளின் நன்மதிப்பைப் பெற்ற சகோதரர்களையும் அனுப்பினார். கர்த்தர் முன்பாக மாத்திரமல்ல, மனுஷர் முன்பாகவும் காரியம் யோக்கியமாயிருக்கவேண்டும் என்பதே அவர் கவலை. தம்மை நம்பவில்லையா என்று அவர் வருந்தவில்லை. சாமுவேல் முதிர்வயதில் இஸ்ரவேல் முழுவதையும் கூட்டி, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன் என்று தம்மேல் குற்றஞ்சாட்டும்படி ஜனங்களையே அழைத்தார். எவரும் எழும்பவில்லை.

அந்தச் சாமுவேலும் தம் குமாரரை நியாயாதிபதிகளாக்கியதில் இடறினார். யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினர். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டதற்கு அதையே ஒரு காரணமாகக் காட்டினர். ஏலியின் வீட்டு நாசத்தைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தவருக்கே இது நேர்ந்தது என்றால், மகனுக்கும் மருமகனுக்கும் ஊழியத்தைச் சொத்தைப்போல் எழுதிவைக்கிற வழக்கம் பெருகிய காலத்தில் எவ்வளவு விழிப்பு வேண்டும்! மோசேக்கும் குமாரர் இருந்தனர். ஆயினும் தமக்குப்பின் மேய்ப்பன் யார் என்பதைத் தேவனே குறிக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார், யோசுவா நியமிக்கப்பட்டான். தகுதியுள்ள பிள்ளைகள் ஊழியத்திற்கு வருவது ஆசீர்வாதமே. தகுதியைப் பிறர் சோதித்தறிய இடங்கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி.

எல்லார் கையிலும்

பேராயர்களையும் நிறுவனத் தலைவர்களையும் மட்டும் நோக்கி இவற்றைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஞாயிறு பள்ளி ஆசிரியையின் முன் இருபது குழந்தைகள் இருக்கின்றனர். விடுதிக் காப்பாளரின் கையில் சாவிக்கொத்து இருக்கிறது. வீட்டில் தகப்பனுக்கும் தாய்க்கும், மாமியாருக்கும், வீட்டுவேலைக்கு வருகிற பெண்ணிடம் எசமானிக்கும் அதிகாரம் உண்டு. தன்னை எதிர்த்துப் பேசிய பிள்ளையை உடனே அடிக்கிற கை, தங்கையைத் துன்புறுத்துகிற மூத்தவனைக் கண்டும் காணாததுபோல் இருக்குமானால், ஏலியின் தராசு அந்த வீட்டிலும் தொங்குகிறது. பெரிய பதவியில் அதிகாரத்தைப் பிழையாகப் பயன்படுத்தியவர்கள் அதைச் சிறிய இடங்களில்தான் பழகியிருக்கின்றனர். அதைச் சரியாகப் பயன்படுத்துவதும் அங்கேதான் பழகப்படுகிறது.

யோவான் தம் சுவிசேஷத்தில், பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு அறிந்திருந்ததைச் சொல்லிவிட்டு, அந்த அறிவோடு அவர் பந்தியைவிட்டு எழுந்து சீலையை அரையில் கட்டிக்கொண்டதை எழுதுகிறார். கழுவப்பட்ட பாதங்களில் யூதாசுடையவையும் இருந்தன. அதே இரவில் போர்ச்சேவகர் தீவட்டிகளோடு தோட்டத்திற்கு வந்தனர். தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு இயேசு தம்மை மறைக்கவில்லை. தப்பிக்க வழி தேடவுமில்லை. தம்மைத் தேடுகிறார்களானால் தம்மோடிருப்பவர்களைப் போகவிடும்படி அவர்களிடம் சொன்னார். அந்த இரவில் அவர் தம்முடைய அதிகாரத்தைப் பயன்படுத்தியது தம் சீடர்களைக் காக்கவே. தமக்கென்று அவர் கைகளை நீட்டினார்; அவை கட்டப்பட்டன.